பிரஷர்காரர் உப்பு கேட்டால்...

மளிகைச் சரக்குகளில் லாபம் மிகக் குறைந்தது எதுவென்றால் உப்பு என்று நம்மில் யாரும் சொல்லிவிடுவோம். இறக்குகூலி போக மிஞ்சுவது சொற்பம். ஆனால் இன்று வாடிக்கையாளர்கள் நம்மிடம் அதிகம் விசாரிப்பதும் இந்தச் சரக்கைப் பற்றித்தான். "அண்ணாச்சி, எனக்குப் பிரஷர் இருக்கு, எந்த உப்பு நல்லது?" என்கிறார்கள். நம்மவர்களில் சிலர் உடனே இந்துப்பை எடுத்து நீட்டுகிறார்கள். விலை கூடுதல், ஆகவே நல்லது என்ற எண்ணம்.

கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு மூன்றும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எடையில் பத்தில் நான்கு பங்கு சோடியம். அது உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சிறுநீரகம் வெளியேற்றுவதற்கு மேல் சேர்ந்தால் இரத்தத்தின் அளவு கூடி, குழாய்களில் அழுத்தம் ஏறும். அதை எதிர்த்து இறைத்து இறைத்து இதயத் தசை தடித்துத் தளர்ந்துபோகும். மாரடைப்பும் பக்கவாதமும் இந்த வழியில் வருபவைதான். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 100க்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமும் அதில் அடக்கம்.

அளவு எவ்வளவு? ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கணக்கில் சொன்னால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். நம்மிடம் வரும் மாதச் சாமான் பட்டியலைப் பாருங்கள், இரண்டு கிலோ எழுதியிருக்கும்! எல்லாமே சாப்பாட்டில் சேர்வதில்லை என்றாலும், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் வழியாகப் போகும் உப்பு இந்த இரண்டு கிலோவில் வராதே! ஆப்பசோடாவிலும் சோடியம் உண்டு. ஊறுகாயிலும் அப்பளத்திலும் நமக்கு நாலு காசு கிடைக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக, கேட்பவரிடம் மறைக்க வேண்டுமா?

இப்போது சோடியம் குறைத்த உப்பும் பாக்கெட்டில் வருகிறது. ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம், முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசிய உப்புமாகக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021ல் முடிவு வெளியானது. நல்ல சரக்குதான்.

ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஆகாது. பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில பிரஷர் மாத்திரைகளோடும் சேராது. எனவே இந்தப் பாக்கெட்டைச் சாதா உப்போடு கலந்து அடுக்காமல் தனியே வையுங்கள். "கிட்னியில் ஏதும் பிரச்னை உண்டா? டாக்டரிடம் கேட்டீர்களா?" என்று விசாரித்த பிறகே எடுத்துக் கொடுக்கும்படி கடைப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். எந்த உப்பானாலும் அயோடின் கலந்ததா என்று பார்த்தே கொள்முதல் செய்யுங்கள்.