காம்புக் கவசம்: யாருக்கு, எப்போது, எத்தனை நாள்?

மகப்பேற்று மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளில் ஒரு சிறு பொருள் எளிதாகக் கிடைக்கிறது. மெல்லிய சிலிக்கோனால் ஆனது. தொப்பி போன்ற வடிவம். நுனியில் மூன்று நான்கு துளைகள். ‘நிப்பிள் ஷீல்டு’ என்று கேட்டு வாங்குகிறார்கள். தமிழில் காம்புக் கவசம் எனலாம். குழந்தை மார்பைப் பற்ற மறுக்கிறது என்றதும் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் இதைப் பரிந்துரைக்க, கணவர் இரவு பத்து மணிக்கு ஓடிப்போய் வாங்கி வருகிறார். அளவு என்ன, எப்படிப் பொருத்துவது, எத்தனை நாள் பயன்படுத்துவது என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். உரிய காரணத்துக்காக, பால் நன்கு சுரக்கத் தொடங்கிய பிறகு, குழந்தையின் எடையைக் கவனித்துக்கொண்டே பயன்படுத்தினால் இது நல்ல கருவி. தாயின் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து குழந்தையை மார்பில் பொருத்திக் காட்ட வேண்டிய ஒருவருக்குப் பதிலாக இதைக் கையில் கொடுக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

பிரசவித்த மறுநாளே “உனக்குக் காம்பு சரியில்லை” என்ற சொல் தாயின் காதில் விழுந்துவிடுகிறது. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் ஏற்கெனவே தையல் வலியிலும் தூக்கமின்மையிலும் இருக்கும் பெண், தன் உடலிலேயே குறை இருப்பதாக நம்பத் தொடங்குகிறாள். உண்மையில் குழந்தை காம்பை மட்டும் சப்பிப் பால் குடிப்பதில்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் இழுத்து, நாவால் மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்தியே பாலைப் பெறுகிறது. ஆகவே காம்பு தட்டையாக இருப்பினும் கருவட்டம் மென்மையாக நெகிழுமானால் பெரும்பாலான குழந்தைகள் பழகிக்கொள்கின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்தின் விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துங்கள். காம்பு முன்னே வந்தால் அது தட்டையாகத் தோன்றினாலும் குழந்தை பற்றக்கூடியதே. அழுத்தும்போது உள்ளே இழுத்துக்கொண்டால்தான் அது உள்வாங்கிய காம்பு. கர்ப்ப காலத்திலேயே இதற்கென விரல் பயிற்சி செய்ய வேண்டும் என்று முன்பு சொல்லிவந்தோம். பிரிட்டனிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வு, அத்தகைய பயிற்சியால் பயன் இல்லை என்று காட்டியது. எனவே கர்ப்பிணிகள் அதை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்களிடம் இன்னொன்றைக் காண்கிறேன். நரம்பு வழியே ஏற்றிய திரவத்தால் கால் வீங்குவதைப் போலவே கருவட்டமும் வீங்கிக் கெட்டிப்படும்; அப்போது நல்ல காம்பும் தட்டையாகிவிடும். பால் கொடுப்பதற்கு முன் காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, மார்புக்கூட்டை நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நீர் பின்வாங்கும், கருவட்டம் நெகிழும். செலவில்லாத இந்த வழியைச் செய்து பார்க்காமல் கவசத்துக்குப் போவது எனக்கு உடன்பாடில்லை.

உள்வாங்கிய காம்புக்கு நம் நாட்டில் ஓர் எளிய முறை உண்டு. கர்நாடகத்தின் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் 1993-இல் இதைப் பற்றி எழுதினார்கள். 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலின் ஊசி பொருத்தும் முனையை வெட்டி நீக்கி, வெட்டிய பக்கத்தின் வழியாக உந்துதண்டைச் செலுத்த வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மீது வைத்துத் தண்டை மெதுவாக இழுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடித்திருக்க வேண்டும். வலித்தால் இழுப்பைக் குறையுங்கள். எடுப்பதற்கு முன் தண்டைச் சற்றே உள்ளே தள்ளிக் காற்றழுத்தத்தை விடுவிக்க வேண்டும். உடனே குழந்தையை மார்பில் வைக்க வேண்டும். முதல் முறை செவிலியரின் முன்னிலையில் செய்யுங்கள்.

முதல் இரண்டு நாட்களில் கவசம் ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். சீம்பால் அளவில் மிகச் சிறிது. முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டர் மட்டுமே. கெட்டியாகவும் இருக்கும். கவசத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு குழந்தையின் வாய்க்கு வந்து சேராமல் போகலாம். அந்த நாட்களில் கையால் பீய்ச்சிப் பாலாடையாலோ சிறு கரண்டியாலோ புகட்டுவதே மேல். கூடவே குழந்தையை ஆடையின்றித் தாயின் மார்போடு அணைத்து வைத்திருங்கள். அவசரமில்லாத அந்த அணைப்பில், பல குழந்தைகள் தாமாகவே மார்பைத் தேடிப் பற்றிவிடுகின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் பற்றாத குழந்தைகள் உண்டு. பாலும் ஊறிவிட்டது, பீய்ச்சினால் வருகிறது, குழந்தையோ மார்பை நெருங்கியதும் வீறிட்டு அழுகிறது என்னும் நிலையில் கவசம் கைகொடுக்கும். புட்டிக்குப் பழகிவிட்ட குழந்தையை மார்புக்குத் திருப்பவும் உதவும். குறைமாதக் குழந்தைகளுக்கு இதன் பயன் இன்னும் தெளிவானது. அவர்களால் பற்ற முடியும். பற்றியதைப் பிடித்துக்கொண்டிருக்க வலு இராது. 2000-இல் அமெரிக்காவில் 34 குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், கவசமின்றி ஒரு வேளைக்குச் சராசரியாக 3.9 மில்லிலிட்டர் குடித்தவர்கள், கவசத்துடன் 18.4 மில்லிலிட்டர் குடித்தார்கள். பழைய தடித்த ரப்பர் கவசங்கள் பாலின் அளவைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தன என்பது உண்மை. கவசத்தைப் பற்றி மூத்த மருத்துவர்களுக்கு உள்ள அச்சம் அங்கிருந்து வந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஈயத்தாலேயே கவசம் செய்து, குழந்தைகளுக்கு ஈய நஞ்சு ஏறிய வரலாறும் உண்டு. இன்றைய மெல்லிய சிலிக்கோன் அவற்றினின்று வேறு. ஆயினும் பால்புட்டியின் ரப்பர் காம்பைக் கழற்றி மார்பின் மீது வைத்துக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது கவசமாகாது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். 16, 20, 24 மில்லிமீட்டர் எனக் கிடைக்கும். தாயின் காம்பு நெருக்கப்படாமல் உள்ளே அமைய வேண்டும். கவசத்தின் முனை குழந்தையின் சிறு வாய்க்குள் அடங்கவும் வேண்டும். பொருத்துமுன் விளிம்பை வெந்நீரில் நனைத்து, கவசத்தைப் பாதியளவு உட்புறம் வெளியே வரும்படி மடித்து, காம்பின் மேல் வைத்து விரித்துவிட்டால் காம்பு தானே உள்ளே இழுக்கப்படும். வெட்டுவாய் உள்ள பக்கம் குழந்தையின் மூக்கை நோக்கி இருக்கட்டும். முனையில் சில துளிகள் பாலைப் பீய்ச்சி வைத்தால் குழந்தைக்கு உடனே சுவை தெரியும். கவசத்தின் நுனியை மட்டும் உறிஞ்ச விடாதீர்கள். வாயை அகலத் திறந்து, உதடுகள் விளிம்பின் தட்டைப் பகுதியில் பதிய வேண்டும். பயன்படுத்திய பின் சோப்பு நீரில் கழுவி, நாளுக்கு ஒரு முறையேனும் கொதிக்க வைத்து எடுங்கள். குறைமாதக் குழந்தையெனில் ஒவ்வொரு முறையும்.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கவசம் வந்ததும் அழுகை நிற்கிறது, வீடு அமைதியாகிறது, அந்த அமைதியில் எடையை மறந்துவிடுகிறோம். சென்ற ஆண்டு பிறந்து ஐந்தாம் நாளில் ஒரு ஆண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பிறந்த எடை 2.9 கிலோ, அன்று 2.52 கிலோ. பாட்டி வியப்போடு சொன்னார்: “நல்லாத்தான் குடிக்கிறான் டாக்டர். முக்கால் மணி நேரம் விடாம சப்புறான்.” சப்பியது மெய்தான், விழுங்கும் ஒலி கேட்கவில்லை. அவர்கள் வாங்கியிருந்தது 24 மில்லிமீட்டர் கவசம். அவன் வாய்க்கு எட்டியது அதன் நுனி மட்டுமே. முந்தைய நாள் முழுவதும் இரண்டு முறைதான் சிறுநீர் கழித்திருந்தான். தாய்க்கோ மார்பு கனத்து வலித்தது. பால் இருந்தும் வெளியேறவில்லை. அளவை மாற்றினோம், பற்றும் நிலையைத் திருத்தினோம், ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுத்தோம். பதினாறாம் நாளில் பிறந்த எடையைக் கடந்தான்.

ஆகவே கவசத்தைப் பயன்படுத்தும் தாய்மார்கள் எண்ணிக்கையை நம்புங்கள், தோற்றத்தை அல்ல. ஐந்தாம் நாள் முதல் ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். மலம் மஞ்சள் நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறையும் பின்பு வாரம் ஒரு முறையும் எடை பாருங்கள். பிறந்த எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்திருந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். எடை நிலையாக ஏறும் வரை, பால் கொடுத்த பின் நாளுக்குச் சில முறை பீய்ச்சி எடுப்பது சுரப்பையும் காக்கும்.

காம்பு வெடிப்புக்காக மட்டும் கவசம் அணிவோரும் இருக்கிறார்கள். வலி சற்றுத் தணியலாம். ஆனால் வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை பற்றும் விதம். அதைத் திருத்தாவிட்டால் புண் ஆறாது.

கவசத்தை விடுவிக்க நாள் குறிக்க வேண்டாம். கடும் பசியில் இருக்கும் குழந்தையிடம் முயலாதீர்கள். அரைத்தூக்கத்தில், அணைப்பில் இருக்கும் வேளையே ஏற்றது. கவசத்தோடு தொடங்கி, பால் இறங்கி ஓரிரு நிமிடம் ஆனதும் மெல்ல எடுத்துவிட்டுக் காம்பைக் கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் மீண்டும் அணியுங்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிக் குறைக்கும் பழைய யோசனையைப் பின்பற்ற வேண்டாம். வெட்டிய சிலிக்கோன் விளிம்பு குழந்தையின் வாயைக் கீறும். சிலர் மூன்று நாட்களில் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு இரண்டு மாதம் ஆகிறது. எடை ஏறிக்கொண்டிருக்கும் வரை அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எடை பார்க்க வரும்போது கவசத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒரு வேளை பால் கொடுப்பதைச் செவிலியர் உடனிருந்து பார்ப்பார்.