காட்டுத்தீயில் வீடிழந்த முதியோர்



2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் திகதி காலை, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, உயர் அழுத்த மின்வழியொன்றில் ஏற்பட்ட பழுதினால் காட்டில் தீ மூண்டது. கடுங்காற்று அத்தீயைச் சில மணி நேரத்துள் பரடைஸ் என்னும் மலையடிவார ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஏறத்தாழ 26,000 மக்கள் வாழ்ந்த அவ்வூரின் பெரும்பகுதி ஒரே நாளிற் சாம்பலாயிற்று. அங்கும் அயலிலுமாக 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன; 85 பேர் மாண்டனர். மாண்டோரிற் பெரும்பாலோர் முதியோர்.

ஓய்வுபெற்றோர் பலர், தம் சிறு வருவாய்க்குள் அமைதியாக வாழலாமென்று நாடிச் சென்ற ஊர் அது. ஆதலின் உயிர் தப்பி வீடிழந்தோரிலும் முதியோர் பலர் இருந்தனர். இளைஞர் உழைத்து மீண்டும் தேடிக்கொள்வர். எண்பது வயதை நெருங்கிய ஒருவருக்கோ புதிதாகக் கடன் பெறுவதும் அரிது. ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதும் அரிது. அத்தகையவர்க்கு மகனோ, மகளோ, அயலவரோ எவ்வாறு துணைநிற்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். காட்டுத்தீக்கு அஞ்சும் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நம் உறவினர் பலர் இன்று வாழ்கின்றனர். எனவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

முதலிற் கவனிக்க வேண்டியது வீடன்று, உடல். நாள்தோறும் உண்ணும் மருந்து, மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி, பொய்ப்பல், ஊன்றுகோல் ஆகிய யாவும் தீயோடு போயிருக்கும். கண்ணாடியின்றிப் படிவத்தை வாசிக்க இயலாது. செவிக்கருவியின்றி அதிகாரி சொல்வது கேளாது. இவற்றை மீட்டுக் கொடுத்த பின்னரே ஏனைய கருமங்கள் நடைபெறும்.

அடுத்தது கடதாசி வேலை. அடையாள அட்டை, வீட்டு உறுதி, காப்புறுதிப் பத்திரம் என்பவற்றின் பிரதிகளை உரிய அலுவலகங்களிற் பெறலாம். அமெரிக்காவில் மத்திய அரசின் அவசர உதவி நிறுவனத்துக்கு விண்ணப்பித்த பலருக்கு, உதவி இல்லையென்று முதலிற் கடிதம் வருவதுண்டு. ஏதேனும் ஒரு பத்திரம் குறைந்திருப்பதே பல வேளைகளில் அதற்குக் காரணமாகும். அறுபது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். முதியவரோ அக்கடிதத்தை முடிந்த தீர்ப்பென்று கருதி மடித்து வைத்துவிடுவார். அருகிலிருந்து அதை முழுவதும் வாசித்து விளக்க ஒருவர் வேண்டும்.

காப்புறுதிக்காக, இழந்த பொருள்களின் பட்டியலொன்றும் எழுத வேண்டும். வாயிலிலிருந்து தொடங்கி, அறை அறையாக, அலுமாரி அலுமாரியாக நினைவில் நடந்து சென்று சொல்லுமாறு அவரைக் கேட்டுத் துணைவர் எழுதுவது நல்லது. ஒவ்வொரு பொருளோடும் ஒரு நினைவு எழும். மணம் முடித்த நாளில் வாங்கிய மேசையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்குமாயின், அன்றைக்கு அவ்வளவில் நிறுத்திவிடலாம்.

சாம்பலையும் அவசரப்பட்டு அகற்றிவிடலாகாது. அதில் ஈயம், கல்நார் முதலிய நஞ்சுகள் கலந்திருக்குமாதலால் முகமூடியும் கையுறையும் இன்றி எவரும் அதனுள் இறங்கக்கூடாது. எனினும், ஒரு மோதிரமோ, பீங்கான் கிண்ணமோ அதனுள் எஞ்சியிருத்தல் கூடும். அந்நாட்டில் இறந்தவரின் அஸ்தியை வீட்டிலேயே பேணி வைப்போர் பலர். வீடெரிந்த சாம்பலுக்குள் அவ்வஸ்தி எங்கே உள்ளதென்று, தொல்லியலாளர் சிலர் பழக்கிய மோப்ப நாய்களின் துணையோடு தேடி எடுத்துக் கொடுத்துள்ளனர். கணவனின் அஸ்தியை இரண்டாம் முறை இழந்த ஒரு மூதாட்டிக்கு அது திரும்பக் கிடைப்பதன் பெறுமதியைப் பணத்தால் அளக்க முடியுமா?

பின்னர் வருவது பெருங்கேள்வி: மீண்டும் அங்கேயே கட்டுவதா, வேறிடம் செல்வதா? பரடைஸிற் குழாய் நீரிலே பென்சீன் என்னும் நச்சுப்பொருள் காணப்பட்டமையால், தப்பி நின்ற வீடுகளில் இருந்தோரும் பல மாதங்கள் அந்நீரைப் பருக இயலவில்லை. நீர், வைத்தியர், கடை, அயலவர் ஆகியோர் திரும்பி வருவார்களா என்பதை எண்ணாமல் வீட்டை மட்டும் எழுப்புவதிற் பயனில்லை. காப்புறுதிப் பணத்தைக் கொண்டு வேறோரிடத்தில் வீடு வாங்கவும் கலிபோர்னியச் சட்டம் இடமளிக்கின்றது.

கட்டுவதாயின், தீக்கும் முதுமைக்கும் ஒருங்கே ஏற்றதாகக் கட்டல் வேண்டும். எரியாத கூரை, தீப்பொறி புகாத நுண்வலையிட்ட காற்றுத்துளை, சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரிபொருளற்ற நிலம் என்பன தீக்கு. படியற்ற ஒரே தளம், அகன்ற கதவு, குளியலறையிற் கைப்பிடி என்பன முதுமைக்கு. 2017ஆம் ஆண்டுத் தீயின்போது மின்சாரம் நின்றதனால், மோட்டார்க் கொட்டகையின் பாரமான கதவைத் திறக்க முடியாமல் முதியோர் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் அத்தகைய கதவியந்திரங்களுக்கு மின்கலம் இருத்தல் வேண்டுமென அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

இவ்வளவையும் செய்யும் பிள்ளைகள் இழைக்கக்கூடிய தவறு ஒன்றுண்டு. அன்பின் மிகுதியால், பெற்றோரைக் கேளாமலே யாவற்றையும் தாமே தீர்மானித்துவிடுவர். தீ வீட்டைக் கொண்டுபோயிற்று. எங்கே வாழ்வது என்று சொல்லும் உரிமையையும் நாம் எடுத்துக்கொள்ளலாமா? கணக்கையும் படிவத்தையும் நாம் சுமப்போம். ஆனால் கதவு எத்திசை நோக்க வேண்டுமென்பதை அவரே சொல்லட்டும்.