கயிறு, பூ, கல்: மனவடுவுக்குத் தமிழில் நடந்த சிகிச்சை

வல்லம், செஞ்சிப் பக்கத்தில் ஒருவர் சாலை விபத்தைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு வந்து, அதன்பின் தூங்காமல், லாரி ஹாரன் கேட்டாலே உடம்பு உதறிப்போய் உட்கார்ந்திருந்தால், "பயந்துட்டான்" என்பார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறியும் விடுகிறார்கள். மனித மனதுக்கு அந்த வலு உண்டு. கூடவே இருக்கும் சொந்தபந்தம் அதைக் கூட்டுகிறது.

தேறாதவர்கள்தான் நம் கவலை. ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நினைவுக்கு வருவதுபோல் அல்ல, இப்போதே நடப்பதுபோல். அந்தச் சாலையைத் தவிர்க்கிறார்கள், அந்தப் பேச்சைத் தவிர்க்கிறார்கள், பிறகு ஆட்களையே தவிர்க்கிறார்கள். சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எரிச்சல் வீட்டார் மேல் பாய்கிறது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் இது சேர்ந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் எழுதியதன் வழியே 'மனவடு' என்ற சொல் தமிழில் பழகியது.

இது வெளிநாட்டு நோய், நமக்கு வராது என்பாரும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதம் கழித்து, தமிழ்நாட்டின் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் 314 பெரியவர்களிடம் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 12.7 விழுக்காட்டினருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. பெண்களிடமும், அலையில் காயம்பட்டவர்களிடமும், வருமானமே இல்லாத வீடுகளிலும் அது அதிகம். அந்தக் கடைசி விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருமானத்துக்கு வழிசெய்வதையும் மனநலப் பணியோடு சேர்க்கவேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். உயிரோடு தப்பியவனுக்கு அடுத்த வேளை உலை கொதிக்குமா என்று தெரியாவிட்டால், மனம் மட்டும் எப்படி ஆறும்?

சிகிச்சைக்கு வருவோம். இரண்டு தவறான யோசனைகள் நம்மிடையே உலவுகின்றன. ஒன்று, "எல்லாத்தையும் மறந்துடு". தவிர்க்கத் தவிர்க்க இந்த நினைவு வலுக்கிறதே தவிர அடங்குவதில்லை. இன்னொன்று, நடந்த கையோடு ஆளைப் பிடித்து உட்காரவைத்து, "எல்லாத்தையும் கொட்டிடு" என்பது. அப்படி உடனடியாக ஒரே அமர்வில் பேசவைப்பதால் பலன் இல்லை என்பதால், அதைச் செய்யவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. முதல் மாதத்தில் பதற்றத்தைக் குறைக்க டயசிபாம் வகை மாத்திரைகளும் தரவேண்டாம் என்றது. முதல் நாட்களில் தேவை பாதுகாப்பு, சாப்பாடு, உறவினர், வற்புறுத்தாமல் காதுகொடுக்கும் ஒருவர்.

மாதம் கடந்தும் நீடித்தால்தான் முறையான சிகிச்சை. அதில் ஒன்று நம் மொழியிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய முறை அது. தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை அந்தக் கயிறு. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கொடுமை நடந்த இடத்தில் ஒரு கல். அடுத்த அமர்விலிருந்து பாதிக்கப்பட்டவர் தன் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். கல் இருக்கும் இடம் வந்ததும் ஆலோசகர் மெதுவாகக் கேட்கிறார்: அப்போது என்ன தெரிந்தது, என்ன மணம், உடம்பு என்ன செய்தது, மனதில் என்ன ஓடியது. அழுகை வரும், நடுக்கம் வரும். அது தணியும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. பாதியில் விட்டால் பயம் அங்கேயே நின்றுவிடும். சொன்னதையெல்லாம் எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுகிறார்கள். முடிவில் அந்த எழுத்து அவர் கைக்கே போகிறது. காலமும் இடமும் இல்லாமல் சிதறிக் கிடந்த பயத்துக்கு ஒரு தேதியும் ஊரும் கிடைக்கிறது. நடந்தது, முடிந்தது என்று உடம்பும் ஒப்புக்கொள்கிறது.

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில், போரையும் அலையையும் கண்ட 31 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு இந்தக் கதை சொல்லும் முறை, மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். ஆய்வு சிறியது, சிகிச்சையே தராத ஒரு பிரிவு அதில் இல்லை, சில குழந்தைகள் தானாகவே தேறியிருக்கலாம். இதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் ஒரு செய்தி நிற்கிறது. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். மனநல மருத்துவர் இல்லாத ஊரில் ஒன்றும் செய்யமுடியாது என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம் கடற்கரை அலையைக் கண்டது. கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இலங்கைப் போரிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. வல்லம் ஒன்றியத்தில் கடல் இல்லை. ஆனால் விபத்து, தீ, குடும்ப வன்முறை, பாலியல் வன்கொடுமை எந்த ஊரில் இல்லை? இந்தச் சிகிச்சையில் கிராமச் செவிலியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் பயிற்சி தர அரசு பணம் ஒதுக்கவேண்டும். இருபது ஆண்டுக்கு முன் தமிழ்ப் பிள்ளைகளிடம் கற்ற பாடம் தமிழ்நாட்டின் வட்டார மருத்துவமனைக்கு இன்னும் முழுதாக வந்து சேராதது வருத்தமளிக்கிறது.

இப்போதைக்கு: கோயிலுக்குப் போவதை நிறுத்தவேண்டியதில்லை. மாதம் தாண்டியும் தூக்கமும் நிம்மதியும் திரும்பாவிட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கட்டணமில்லாத 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் ஓரளவு உதவும். பேச்சுவழிச் சிகிச்சையும் கிடைக்குமா என்று கேளுங்கள். "தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு வீடு திரும்ப நேரலாம். என்ன நடந்தது, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.