காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடத்தைப் பனிக்கட்டிக்குள் தேடுவது ஏன்?

இலவம் பஞ்சு ஒன்று பறந்து வந்து உங்கள் முற்றத்தில் விழுகிறது. எந்த மரத்துப் பஞ்சு என்று சொல்ல முடியுமா? காற்று அதை அலைக்கழித்துவிட்டதே!

காஸ்மிக் கதிர்களும் அப்படித்தான். விண்வெளியிலிருந்து வரும், மின்னூட்டம் கொண்ட இந்த அணுக்கருக்களை வழியெங்கும் காந்தப்புலங்கள் வளைத்துவிடுகின்றன. வந்த திசை குழம்பிவிடுகிறது.

ஆனால், அவை பிறக்கும் இடத்தில் வாயுவோடும் ஒளியோடும் மோதும்போது நியூட்ரினோக்கள் என்ற துகள்களும் பிறக்கின்றன. இவற்றுக்கு மின்னூட்டம் இல்லை. காற்றே தொடாத பஞ்சுபோல நேர்கோட்டில் வரும்.

சிக்கல் என்ன? பெரும்பாலும் எதிலும் மோதாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும்! அதனால்தான் தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 உணர்கருவிகளைப் புதைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பின் பெயர் ஐஸ்கியூப். அபூர்வமாக ஒரு நியூட்ரினோ பனிக்கட்டியின் அணுவில் மோதினால் நீல ஒளி கிளம்பும். எந்தக் கருவி முதலில் ஒளியைக் கண்டது, எது அடுத்து? அந்த வரிசையே திசையைக் காட்டிவிடும்.

2017 செப்டம்பர் 22 அன்று சிக்கிய நியூட்ரினோ, சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் திசையைக் காட்டியது. அதன் மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளை காஸ்மிக் கதிர்களின் ஒரு பிறப்பிடமாக இருக்கலாம்.

புதிர் முழுவதும் விடுபட்டதா? இல்லை. 2021 மே 27 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பதிவான ‘அமதெராசு’ என்ற காஸ்மிக் கதிர்த் துகளுக்கு அபார ஆற்றல். அதனால் அதிகம் வளைந்திருக்காது. அது வந்த திசையிலோ விண்மீன் மண்டலங்கள் அரிதான வெற்றிடம்! கனமான அணுக்கருவாக இருந்து, எதிர்பார்த்ததைவிட அதிகம் வளைந்து வந்ததா என்று இயற்பியலாளர்கள் ஆராய்கிறார்கள்.