என் பலாப்பழம் எவ்வளவுக்குப் போனது?

சில ஆண்டுகளுக்கு முன், இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் கோவில் திருநாளன்று, திருப்பலி முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை முற்றத்தில் ஏலம் விட்டோம். சேவல், தேங்காய், வாழைக்குலை, பூசணிக்காய், கையால் பின்னிய மேசைவிரிப்பு என்று நாற்பதுக்கு மேற்பட்ட பொருட்கள் வந்திருந்தன. மண்சரிவில் லயங்களை இழந்து பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கே இந்தப் பணம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தோம். கூட்டம் கலைந்து, வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு பாட்டி அருகில் வந்து நின்றார்.

"சாமி, என் பலாப்பழம் எவ்வளவுக்குப் போச்சு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மொத்தத் தொகை என் கையில் இருந்தது. எந்தப் பொருளை யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது இருக்கவில்லை. ஏலம் கூறிய தம்பி ஒரு கடதாசித் துண்டில் குறித்திருந்தார். அதில் பாதி மழையில் கரைந்துபோயிருந்தது. "எல்லாம் சேர்ந்து நல்ல தொகை வந்திருக்கு பாட்டி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அது சரிங்க சாமி. என் பழம் எவ்வளவுன்னு சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அவரும் அந்தப் பாடசாலையில் தங்கியிருந்தவர்தான் என்பது பிறகே எனக்குத் தெரிந்தது. அவருடைய காம்பரா மண்ணுக்குள் போய்விட்டது. பின்னாலிருந்த பலாமரம் மட்டும் சரிவின் ஓரத்தில் தப்பி நின்றது. அந்த மரத்துப் பழம் அது. உதவி பெறும் வரிசையில் நிற்பவர், கொடுப்பவர்களின் வரிசையிலும் ஒருமுறை நின்றிருக்கிறார். அந்தக் கணக்கைத்தான் நான் தொலைத்திருந்தேன்.

மூன்று நாட்கள் விசாரித்தேன். முதலில் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி அதை 1,500 ரூபாவுக்கு எடுத்திருக்கிறார். பணத்தைக் கட்டிவிட்டு, நம் பக்கத்து வழக்கப்படி, பழத்தை மீண்டும் கோவிலுக்கே கொடுத்துவிட்டார். இரண்டாம் முறை 2,500 ரூபாவுக்குக் கூறி எடுத்தவர் சம்பள நாளில் தருவதாகச் சொல்லிப் பழத்தைத் தூக்கிப் போயிருக்கிறார். ஆக ஒரே பழம் இரண்டு முறை விற்றது; கூறப்பட்டது 4,000; கைக்கு வந்தது 1,500. நான் பீடத்தின் முன் நின்று அறிவித்த மொத்தத் தொகையில் முழு 4,000மும் சேர்ந்திருந்தது! அதாவது, வராத பணத்தையும் வந்ததாகச் சொல்லியிருக்கிறேன். இப்படி எத்தனை பொருட்கள் என்று பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

தோட்டத்து மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் நகரமாட்டாள். சாக்குக்கு எத்தனை கிலோ வெட்டினார்கள், ஈரத்துக்கு எத்தனை வெட்டினார்கள், செக்ரோலில் கடைசியாக எத்தனை விழுந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நிறுத்த கொழுந்து வேறு, பேரில் விழும் கொழுந்து வேறு. ஏலத்திலும் அப்படித்தான். கூறிய விலை ஒன்று, கட்டிய பணம் ஒன்று, செலவு போக உரியவர் கைக்குச் சேர்ந்தது இன்னொன்று.

பெரிய இடத்து ஏலங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு 2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் வெள்ளை நிறக் கார் ஒன்றை அன்பளிப்புச் செய்தது. அவர் அதன் முன்மூடியில் கையொப்பமிட்டு, விற்று உதவிக்குக் கொடுக்கும்படி சொல்லிவிட்டார். 2018 மே மாதம் மொனாக்கோவில் ஏலம் நடந்தது. 250,000 முதல் 350,000 யூரோ வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மறுநாள் செய்திகளில் சிலவற்றில் விலை 715,000 யூரோ, சிலவற்றில் 809,375 யூரோ. இரண்டும் சரிதான். சுத்தியல் விழுந்த விலை முதலாவது. அதற்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் தொகையையும் சேர்த்தால் இரண்டாவது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் 94,375 யூரோ. எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்காதவர், 'இவ்வளவு வந்ததே, எங்கே போனது?' என்று வீணாகச் சந்தேகப்படுவார். அல்லது கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவார்.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி யாருக்கென்று ஒதுக்கப்பட்டது தெரியுமா? ஈராக்கின் நினிவே சமவெளியிலிருந்து 2014இல் ஆயுததாரிகளுக்கு அஞ்சி ஓடிய கிறிஸ்தவக் குடும்பங்கள் ஊர் திரும்புவதற்கு. அங்கே பாஷிகா என்ற ஊரில் இடிந்துபோன பாலர் பாடசாலையையும் பொது மண்டபத்தையும் மீளக் கட்ட 200,000 யூரோ கொடுக்கப்பட்டது. கார் எந்த விலைக்குப் போனது என்பதைவிட இந்த ஒரு வரிதான் பாஷிகாக்காரருக்குத் தேவை. காரிலிருந்து கட்டடம் வரை கணக்கைத் தொடர்ந்து போய்ப் பார்க்க முடிந்தது என்பதே அதில் நல்ல செய்தி.

மதிப்பீட்டை நம்பி மனக்கோட்டை கட்டுவதும் கூடாது. அதே திருத்தந்தைக்குக் கிடைத்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் 12,000 முதல் 15,000 யூரோ வரை பெறும் என்றார்கள். 2014 பெப்ரவரியில் பாரிஸில் 241,500 யூரோவுக்குப் போனது. உரோமை இரயில் நிலையத்தருகே வீடற்றோர் தங்கும் விடுதியையும் உணவுச்சாலையையும் புதுப்பிக்க அது உதவியது. மறுபுறத்தில், நம் இரத்தினபுரியிலேயே ஒரு வீட்டு வளவில் கிணறு வெட்டும்போது கிடைத்த 510 கிலோ நீலக்கல் திரள் பத்துக் கோடி டாலர் பெறுமதி என்று 2021இல் உலகமெங்கும் செய்தி வந்தது. பெறுமதி என்பது வாய்ச்சொல். வாங்குபவன் பணத்தை எண்ணி வைக்கும்போதுதான் அது விலையாகிறது. மாணிக்கக் குழியில் பங்குக்கு வேலை செய்தவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

சரி, எங்கள் கோவிலில் என்ன செய்தோம்? அடுத்த வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்து மேசையில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம், கொடுத்தவர் பெயர், கடைசி விலை, எடுத்தவர் பெயர், பணம் கட்டிய திகதி. திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் போனால் அதற்குப் புது இலக்கம். கட்டாத பணம் தனி நிரலில். பொருளை இனாமாகக் கொடுத்தவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்றால் இலக்கம் மட்டும். ஒலிபெருக்கி வாடகையையும் தேநீர்ச் செலவையும் கீழே கழித்துக் காட்டினார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கோவில் கதவருகே ஒட்டினோம். ஐந்து ரூபா கொப்பித் தாள்தான். கணினி எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் பெயரைச் சொல்லி வேறெங்கோ, கொழும்பிலோ இலண்டனிலோ, ஏலம் நடந்திருந்தால்? நீங்களும் கேட்கலாம். எந்தத் திகதியில் நடந்தது, என்னென்ன விற்றது, எவ்வளவு உண்மையில் சேர்ந்தது, செலவு எவ்வளவு, யார் கையெழுத்திட்டுப் பெற்றார். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகம் போன்ற அரச அலுவலகங்கள் இதற்குள் அடங்கும். அரசாங்கத்தின் அல்லது வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு ஆகியவற்றின் பணத்தில் பெருமளவு தங்கி மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, அடங்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். பிரித்தானியாவில் பதிவுபெற்ற தர்ம நிறுவனமானால், அங்குள்ள பதிவேட்டை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லிப் பார்ப்பிக்கலாம்.

எங்களைப் போன்ற சின்னக் கோவில் சபைகளுக்கு அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. அங்கே பாட்டி கேட்டதுபோல நேரே வந்து கேட்பதுதான் வழி. கேட்டால் சாமி கோபிப்பார் என்று நினைக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

பாட்டிக்கு என் பதிலைச் சொன்னேன். சம்பள நாளில் அந்த 2,500 ரூபாவும் வந்து சேர்ந்தபின், பாடசாலைக்கே போய்ச் சொன்னேன். "ரெண்டு தடவை வித்துச்சா!" என்று பக்கத்துப் பாயில் இருந்தவரைத் தட்டிச் சிரித்தார். அந்தப் பணத்தில் என்ன வாங்கியது என்றும் கேட்டார். இரண்டு பெரிய சோற்றுப் பானைகள் வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டினேன். பானைகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூடி எங்கே என்று கேட்டார்.

மூடி வாங்கியிருக்கவில்லை.