ஏழடுக்கு டிப்: அடுக்குற வரிசையில் என்ன இருக்கு?

அமெரிக்காவில் சூப்பர் பவுல் ஆட்டம் பார்க்கக் கூடும் வீடுகளில் அடிக்கடி தென்படும் ஐட்டம் இது. பெயர் ஏழடுக்கு டிப். மெக்சிகோ சாயல் இருந்தாலும் பிறப்பால் இது டெக்ஸ்-மெக்ஸ், அதாவது அமெரிக்கச் சரக்கு. 1981இல் ‘ஃபேமிலி சர்க்கிள்’ இதழில் ‘டெக்ஸ்-மெக்ஸ் டிப்’ என்ற பெயரில் இதன் செய்முறை வந்தது.

அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்பதால் பார்ட்டிக்கு ரொம்ப வசதி. ஆனால் கண்டபடி அடுக்கினால் ஒரு மணி நேரத்தில் தண்ணி விட்டுக் கொழகொழன்னு ஆகிவிடும். வரிசைக்குக் காரணம் இருக்கு.

8 அங்குலச் சதுரக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று போதும், எட்டுப் பேர் சாப்பிடலாம். கீழிருந்து மேலாக:

1. ரீஃபிரைட் பீன்ஸ், ஒரு டின் (சுமார் 450 கிராம்)
2. மூன்று அவகாடோ, ஒரு எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து மசித்தது
3. சவர் கிரீம் ஒரு கப், அதில் அரை ஸ்பூன் சீரகத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள்
4. வடிகட்டிய சல்சா ஒரு கப்
5. துருவிய செடார் சீஸ் ஒன்றரை கப்
6. நறுக்கிய கறுப்பு ஆலிவ்
7. வெங்காயத்தாள்

பீன்ஸ் ஏன் அடியில்? கெட்டியான மாவுச்சத்து அது. மேலிருந்து கசியும் ஈரத்தைத் தாங்கும், சிப்ஸ் குத்தினாலும் சரியாது.

அவகாடோ ஏன் இரண்டாவது? அதை வெட்டியதும் உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பழத்தைக் கறுக்க வைக்கும். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்தும். மேலே சவர் கிரீமை ஓரம் வரைக்கும் இடைவெளி இல்லாமல் தடவினால் அது காற்றுப் புகாத மூடி மாதிரி. அதனால் காலையில் செய்த டிப் சாயங்காலமும் பச்சையாகவே இருக்கும்.

சல்சாவில்தான் ஆபத்து. தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வரும். கால் மணி நேரம் வடிகட்டியில் போட்டு வைத்துவிட்டு, பரிமாறும் முன்தான் பரப்பணும்.

விருந்தாளிகளில் சைவம் இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்க. ரீஃபிரைட் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் பழைய வழக்கம், சில டின்களில் இன்னமும் அது உண்டு. சில சவர் கிரீம்களில் ஜெலட்டின் இருக்கும். சில சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கும். பார்வைக்கு எல்லாமே சைவம்தான், ஒருவருக்கும் சந்தேகம் வராது. நம்பிக் கை நீட்டுபவருக்காக டின்னைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிச்சிடுங்க. சந்தேகமா? வேகவைத்த ராஜ்மாவை எண்ணெய், பூண்டு, சீரகத்தோடு வதக்கி மசித்தால் அடியடுக்கு ரெடி. சவர் கிரீமுக்குத் துணியில் கட்டி வடித்த தயிர் போதும்.

பால் பொருள் நிறைய இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீங்க. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். கூட்டம் பெரிசுன்னா இரண்டு சின்னப் பாத்திரங்களில் செய்து, ஒன்று காலியான பிறகு மற்றதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்க. சிப்ஸ் மட்டும் தடிமனானதா வாங்கிக்குங்க, மெல்லிசா இருந்தால் பாதியிலேயே உடைஞ்சு உள்ளே விழும்.