பஜேரோ என்றொரு பூனை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்களா? போகிற வழியில் ‘பஜேரோ’ என்று பெயர் எழுதிய பெரிய கார் ஒன்று உங்களைத் தாண்டிப் போகலாம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?

அது ஒரு காட்டுப்பூனையின் பெயர்! தென் அமெரிக்கப் புல்வெளிகளில் திரிகிற பூனை. உருவத்தில் நம்ம வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். ஸ்பானிஷ் மொழியில் ‘பாஹா’ என்றால் வைக்கோல், காய்ந்த புல். புல்லுக்குள் வாழ்கிற பூனை என்பதால் அது ‘பஹேரோ’. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், உச்சரிப்புதான் வேறு.

ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் ஆசையாக இந்தப் பெயரைத் தன் காருக்கு வைத்தது. ஆனால் ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் தெருப்பேச்சில் அதே சொல் ஒரு கெட்ட வார்த்தை. வானொலியில் சொல்ல முடியாத அளவுக்குக் கெட்ட வார்த்தை! அப்படியொரு பெயரைத் தாங்கிய காரை யார் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துவார்கள்? அதனால் ஸ்பெயினிலும், ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அதே கார் ‘மொன்டேரோ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மொன்டேரோ என்றால் மலைக்காட்டு வேட்டைக்காரர்.

நம் நாட்டில் அந்தச் சிக்கலே இல்லை. பஜேரோ இங்கே பஜேரோவாகவே ஓடியது. அதுவும் எங்கிருந்து தெரியுமா? ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் அந்தக் கார்களுக்கு உருவம் கொடுத்தார்கள், நம்ம ஊர்த் தொழிலாளர்கள்!